வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வேலைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொழிப் பள்ளி நடத்துபவர்கள், சர்வதேசப் பள்ளிகளின் ஹெச்.ஆர். பிரிவினர், பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைக்கு ஆள் தேடுபவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்று நாடு திரும்பிவிட்டேன். இனி என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடும் அதிகாரம் உங்களில் யாருக்கும் இல்லை. அதனால் இத்தனை காலம் ஆசிரியர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் பேசியதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லலாம் என்று நினைக்கிறேன். குறிப்பிட்ட ஒரு பள்ளி மீதான புகார் இல்லை இது. ஒரு பள்ளியில் மட்டும் நடப்பதாக இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து முடித்திருப்பேன்.

விஷயம் இதுதான். நீங்கள் எங்களை ஓராண்டுக்கு எடுக்கிறீர்கள், அல்லது இரண்டாண்டுக்கு. அது முடியும்போது இன்னோர் ஆண்டு, அப்புறம் இன்னோர் ஆண்டு. இப்படியே போய் ஒருவருடைய மொத்த வேலைக் காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் உங்கள் கோப்பில் அவர் கடைசி வரைக்கும் 'தற்காலிகம்'தான். எங்கள் விசா உங்கள் கையெழுத்தில் தொங்குகிறது, வேலை போனால் தங்கும் உரிமையும் போகிறது, அறுபதை நெருங்க நெருங்கப் பணி விசா கிடைப்பதே பல நாடுகளில் பெரும்பாடாகிவிடுகிறது. ஆக, என்றைக்காவது நாங்கள் ஊர் திரும்புவோம் என்பது நீங்கள் எங்களை எடுக்கும் அன்றைக்கே இரு தரப்புக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் அந்த நாளைப் பற்றி ஒப்பந்தத்தில் இருப்பது பெரும்பாலும் விமான டிக்கெட்டைப் பற்றிய ஒரே ஒரு வரி.

டிக்கெட் போதாது. எது போதாது, ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நாங்கள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான், ஆனால் கூட்டல் கழித்தலும் வரும்.

முதலில் வளைகுடா. அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்குப் பென்ஷன் கிடையாது, அதற்குப் பதிலாகப் பணிக்கொடை. ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் சம்பளம், மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சம்பளம் என்றால் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம் மட்டும். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி எதுவும் கணக்கில் வராது. பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 105 நாள், மீதி ஏழு ஆண்டுக்கு 210 நாள், ஆக 315 நாள், பத்தரை மாத அடிப்படைச் சம்பளம். அவருடைய ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதி என்று எழுதியிருந்தால், கையில் வருவது அவர் மாதாமாதம் வாங்கியதில் ஐந்தே கால் மாதத் தொகை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஐந்தே கால் மாதம்! அதை வைத்துக்கொண்டு மீதி வாழ்நாளை ஓட்ட வேண்டும்.

பாதி என்று யார் எழுதுகிறார்கள்? நீங்கள்தான். மொத்தச் சம்பளத்தை மாற்றாமலேயே பேசிக்கைக் குறைத்துப் படிகளை ஏற்றிவிட்டால், பத்து வருடம் கழித்து நீங்கள் கொடுக்க வேண்டியது தானாகச் சுருங்கிவிடுகிறது. இருபத்தைந்து வயதில் கையெழுத்துப் போடுகிற பிள்ளைக்கு இது எங்கே புரியப் போகிறது? அவர் பார்ப்பது மொத்தம் எவ்வளவு என்பதை. சட்டப்படி இதில் குற்றமில்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொல்வார், சரிதான். ஆனால் நேர்காணலில் இதை ஒருமுறை வாய் திறந்து சொல்வதற்கும் எந்தச் சட்டமும் தடை போடவில்லையே.

சவூதியில் வேறு மாதிரி. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம். ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் இரண்டு ஆண்டுக்குள் ஒன்றுமில்லை, இரண்டு முதல் ஐந்து வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்து முதல் பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்துக்கு மேல் போனால்தான் முழுசு. ஒப்பந்தக் காலம் முடிந்து கிளம்பினால் இந்தக் குறைப்பு கிடையாது. இதில் என்ன நடக்கிறது தெரியுமா? அம்மா படுத்துவிட்டார், அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒருவர் அவசரமாகக் கிளம்பும்போது அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டுகிறார்கள், அது ராஜினாமாக் கடிதம், அவரும் இருக்கிற பதற்றத்தில் போட்டுவிடுகிறார். இரண்டு மாதம் பொறுத்து ஒப்பந்தம் முடியும் தேதியில் கிளம்பியிருந்தால், அல்லது நடுவில் கொஞ்ச நாள் சம்பளமில்லா விடுப்புக் கொடுத்திருந்தால், முழுத் தொகையும் வந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார், சொல்லவில்லை. இப்படி இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

கிழக்கே போனால் கதை வேறு. கொரியாவில் ஓராண்டு முழுசாக வேலை பார்த்தால் குறைந்தது ஒரு மாதச் சராசரி ஊதியம் பணிக்கொடையாகத் தர வேண்டும், தேசியப் பென்ஷனிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாதியை முதலாளி கட்ட வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதனால்தான் அங்கே சில ஹாக்வோன்களில், அதாவது தனியார் பயிற்சி நிலையங்களில், பதினோராம் மாதத்தில் திடீரென்று ஆசிரியர் மேல் குறைகள் முளைக்கின்றன. அது வேண்டாம் என்றால் இன்னொரு வழி, ஆசிரியரை ஊழியராகவே பதியாமல் சுயதொழில் செய்பவராகக் காட்டி, 3.3 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு பென்ஷனையும் காப்பீட்டையும் கை கழுவிவிடுவது. சம்பளப் பட்டியலில் பிடித்தம் குறைவாக இருக்கிறதே என்று அந்த ஆசிரியர் சந்தோஷப்படவும் செய்வார், பாவம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா குடிமக்கள் கொரியாவை விட்டுக் கிளம்பும்போது தாங்கள் கட்டியது மட்டுமல்ல, முதலாளி கட்டியதையும் சேர்த்துத் திரும்ப வாங்கலாம். கட்டியிருந்தால் அல்லவா வாங்குவதற்கு!

ஜப்பானில் 29.5 மணி நேரம் என்று ஓர் எண் இருந்தது. வாரத்துக்கு முப்பது மணி நேரம் என்றால் ஊழியர் பென்ஷன், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்தாக வேண்டும் என்ற எல்லையைத் தொடாமல், அரை மணி நேரத்தைக் குறைத்து ஒப்பந்தம் போடும் பழக்கம் ஆங்கில உரையாடல் பள்ளிகளில் பரவியிருந்தது. வகுப்புக்கு முன்னால் தயாரிப்பு, பின்னால் பெற்றோரோடு பேச்சு, இதெல்லாம் வேலை நேரம் இல்லையாம். பிறகு அரசு விதியை இறுக்கியது. 2016 அக்டோபரில் 500 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கும், 2022-ல் 100 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும், 2024 அக்டோபரில் 50 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் வாரம் இருபது மணி நேரம் என்றாலே சேர்க்க வேண்டும் என்று வந்துவிட்டது. நல்லது. ஆனால் 1990-களிலும் 2000-களிலும் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வுக்கு வந்து நிற்பவர்களுக்கு அந்த விதி முன்தேதியிட்டு எதையும் தராது.

ஜப்பான் பென்ஷனுக்கு முன்பெல்லாம் குறைந்தது 25 ஆண்டு கட்டியிருக்க வேண்டும், 2017 ஆகஸ்டிலிருந்து 10 ஆண்டு போதும். இது எத்தனை பெரிய மாற்றம்! ஆனால் நாட்டை விட்டுக் கிளம்பும்போது மொத்தமாக ஒரு தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. அதை வாங்கினால் கட்டிய காலம் முழுவதும் கணக்கிலிருந்து அழிந்துவிடும், தொகையும் எத்தனை ஆண்டு கட்டியிருந்தாலும் ஓர் எல்லைக்கு உட்பட்டது: 2021 ஏப்ரலிலிருந்து ஐந்து ஆண்டுக்கு உரியது, அதற்கு முன் மூன்று ஆண்டுக்கு உரியது. ஒருவர் எட்டு ஆண்டு கட்டிவிட்டு ஊருக்குப் போகிறார் என்றால், பணத்தை வாங்குவதா, விட்டுவைத்து இரு நாட்டு அரசுகளுக்கு இடையிலான பென்ஷன் ஒப்பந்தத்தின் வழியாகச் சொந்த நாட்டில் கட்டிய காலத்தோடு கூட்டிக்கொள்வதா என்பது அவர் எந்த நாட்டுப் பென்ஷனில் கட்டியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கரால் கூட்ட முடியும். பிரிட்டன்காரரால் முடியாது, ஏனென்றால் பிரிட்டனோடு ஜப்பான் போட்ட ஒப்பந்தத்தில் கூட்டும் ஏற்பாடே இல்லை. இதையெல்லாம் ஆசிரியர் அறையில் யாரோ ஒருவர் யாரோ சொன்னதாகச் சொல்லி, அதை வைத்து இன்னொருவர் முடிவெடுக்கிறார். தொகையை வாங்க விண்ணப்பிக்கக் கிளம்பியதிலிருந்து இரண்டு ஆண்டுதான் அவகாசம் என்பதுகூடத் தெரியாமல் தவறவிட்டவர்கள் உண்டு.

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பீர்கள். சொந்த நாட்டுப் பென்ஷனும் எங்களுக்கு முழுதாகக் கிடைக்காது, அதனால்தான். பிரிட்டனில் முழு அரசுப் பென்ஷனுக்குப் பொதுவாக 35 ஆண்டுக் கணக்கு வேண்டும், கொஞ்சமாவது வேண்டுமென்றால் 10. அமெரிக்காவில் 40 கிரெடிட், அதாவது கிட்டத்தட்டப் பத்து ஆண்டு உழைப்பு. ஆஸ்திரேலியாவில் முதியோர் பென்ஷனுக்குப் பத்து ஆண்டு அந்நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். கல்லூரி முடித்த சூட்டோடு விமானம் ஏறியவருக்கு இந்த எண்கள் எல்லாம் எட்டாத உயரம். அரசுப் பென்ஷன் என்ற பேச்சே பெரும்பாலோருக்கு இல்லாத நாடுகளிலிருந்து வந்த எங்களைப் போன்றவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம், நாங்கள் சேர்த்ததுதான் எங்களுக்கு. விடுபட்ட ஆண்டுகளுக்குப் பிற்பாடு பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளப் பிரிட்டன் மாதிரி சில நாடுகள் இடம் தருகின்றன, ஆனால் அங்கும் பொதுவாக ஆறு ஆண்டு வரைதான் பின்னோக்கிப் போகலாம். முப்பது வயதில் தெரிந்தால் பயன்படும் செய்தி, அறுபதில் தெரிந்தால் வயிற்றெரிச்சல்.

இதில் 'தாய்மொழிக்காரர்' விவகாரமும், அதாவது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கே முன்னுரிமை என்பதும், ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே பாடத்திட்டம், ஒரே வகுப்பு, ஒரே தேர்ச்சி விகிதம், ஆனால் பாஸ்போர்ட்டைப் பார்த்து இரண்டு சம்பளம். ஆங்கிலம் கற்பிப்போரின் சர்வதேச அமைப்பான டெசால் 2006-லேயே இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. விளம்பரங்களில் வாசகம் கொஞ்சம் நாசூக்காக மாறியிருக்கிறது, மற்றபடி பெரிதாக ஒன்றும் நகரவில்லை. மாதச் சம்பளத்தில் தெரியும் வித்தியாசத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்துத்தானே கணக்கிடப்படுகிறது, ஆக அந்தப் பாகுபாடு கடைசி நாளில் இன்னொரு முறை பெருக்கித் தரப்படுகிறது என்பதை யாரும் பேசுவதில்லை.

சரி, பணத்தை விடுவோம். காகிதத்துக்கு வருவோம்.

ஊர் திரும்பிய முதல் ஆண்டில் எங்களிடம் எல்லோரும் கேட்பது காகிதம். எங்கே வேலை பார்த்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன பதவி, வரி கட்டினீர்களா, மருத்துவக் காப்பீடு இடைவெளி இல்லாமல் இருந்ததா? வங்கி கேட்கிறது, வரி அலுவலகம் கேட்கிறது, காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது, பகுதி நேரமாக எங்காவது பாடம் எடுக்கலாம் என்று போனால் அங்கேயும் கேட்கிறார்கள். அறுபது வயதில் புதிதாக மருத்துவக் காப்பீடு கேட்டுப் போய் நிற்பவரிடம் முந்தைய காப்பீட்டுக்குச் சான்று இல்லை என்றால், அவரை எப்படிப் பார்ப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சான்றிதழ் கேட்டு நாங்கள் மின்னஞ்சல் அனுப்பினால் சில இடங்களிலிருந்து பதில் வருகிறது, சில இடங்களில் நிர்வாகம் மாறிவிட்டது, சில இடங்களில் பள்ளியே இல்லை. ஜப்பானில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளிச் சங்கிலி 2007 அக்டோபரில் திவாலானபோது ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். 2021 ஜூலையில் சீன அரசு பள்ளிப் பாடங்களுக்கான தனியார் ட்யூஷன் தொழிலைக் கட்டுப்படுத்தியபோது, வெளிநாட்டிலிருந்தபடி ஆன்லைனில் பாடம் எடுத்தவர்களின் வேலை கிட்டத்தட்ட ஒரே இரவில் போனது. பெரிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரு மாடியில் நான்கு வகுப்பறை வைத்து நடத்தியவர் மூடிவிட்டுப் போன பிறகு, அவரிடம் போய் அனுபவச் சான்றிதழ் கேட்பது எப்படி?

அந்தக் கடைசி நாளும் இருக்கிறது. கேக் வெட்டுகிறீர்கள், மாணவர்கள் அழுகிறார்கள், நினைவுப் பரிசு கொடுக்கிறீர்கள், எல்லாம் மனதார. அடுத்த வாரம் விசா ரத்து. அதோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு நிற்கிறது. சில நாடுகளில் வங்கிக் கணக்கும் முடங்குகிறது, செட்டில்மென்ட் பணம் அந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும், அவரோ விமான நிலையத்தில். இருபது வருடம் வாழ்ந்த வீட்டை இருபது, முப்பது நாளில் காலி செய்யச் சொல்வதில் உள்ள அவலம், வந்து இரண்டு வருடத்தில் போகிற இளைஞருக்குத் தெரியாது, அவரிடம் ஒரு சூட்கேஸ்தான் இருக்கும். நீங்கள் இரண்டு பேருக்கும் ஒரே படிவத்தை நீட்டுகிறீர்கள்.

திரும்பிய பிறகு நாங்கள் படும் பாட்டில் எல்லாவற்றுக்கும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய நண்பர்களின் பேச்சில் பாதி நமக்குத் தெரியாத ஆண்டுகளைப் பற்றியதாக இருப்பதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எத்தனையோ வருடம் வகுப்பறையில் வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசிப் பழகியதில், வீட்டிலும் நிறுத்தி நிதானமாகப் பேசி, 'புரிந்ததா' என்று கேட்டு, பதில் தெரிந்த கேள்வியையே மறுபடி கேட்டு எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கிறேன். இது தொழில் வியாதி, இதற்குப் பணிக்கொடை கேட்கப் போவதில்லை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும், நேரிலேயே கேட்டிருக்கிறேன். 'பெரும்பாலானவர்கள் ஊர் சுற்றிப் பார்க்க வருகிறார்கள், ஓரிரு ஆண்டில் போய்விடுகிறார்கள், அவர்களுக்காகப் பென்ஷனைப் பற்றி யோசிக்க முடியுமா?' முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போகாமல் தங்கியவர்கள் யார் என்று உங்கள் பள்ளியிலேயே பாருங்கள். பாடத்திட்டம் எழுதியது அவர்கள், புதிதாக வந்தவருக்கு வகுப்பை எப்படி அடக்குவது என்று காட்டியது அவர்கள், கட்டணம் கட்டும் பெற்றோர் பெயர் சொல்லிக் கேட்பது அவர்களை. விளம்பரப் படத்தில் மட்டும் போன மாதம் வந்த இளைஞர் சிரித்துக்கொண்டிருப்பார், அது போகட்டும். சிறிய பள்ளிகளுக்கு லாபமே கையைக் கடிக்கிற அளவுதான் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் பெரிய செலவு வைக்கும் எதையும் முதலில் கேட்கவில்லை.

முதல் ஒப்பந்தத்தோடு ஒரே ஒரு பக்கம் இணைத்துக் கொடுங்கள். பணிக்கொடை எதை வைத்துக் கணக்கிடப்படும், பென்ஷனில் சேர்த்திருக்கிறீர்களா, கிளம்பும்போது எதைத் திரும்ப வாங்கலாம், எத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், ராஜினாமாவுக்கும் ஒப்பந்தம் முடிவதற்கும் என்ன வித்தியாசம். உங்கள் கணக்காளருக்கு அரை நாள் வேலை. ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும், கேட்காமலேயே, முத்திரையோடு ஒரு பணிச் சான்று கொடுங்கள், அதில் தேதி, பதவி, வார நேரம், கட்டிய பங்களிப்பு எல்லாம் இருக்கட்டும். நாளை நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் எங்கள் பெட்டியில் இருக்கும். நீண்ட காலம் வேலை பார்த்தவர் கிளம்பும்போது செட்டில்மென்ட் அவர் கணக்கில் ஏறிய பிறகு விசாவை ரத்து செய்யுங்கள், வரிசையை மாற்றுவதுதான் வேண்டுவது.

கையில் கொஞ்சம் பசை உள்ள பெரிய பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இன்னும் ஒன்று. பணிக்கொடையைக் கடைசி நாள் வரை உங்கள் கணக்குப் புத்தகத்தில் கடனாக வைத்திருக்காமல், மாதாமாதம் ஆசிரியர் பெயரில் ஒரு நிதியில் போட்டுவிடுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. துபாய் சர்வதேச நிதி மையத்தில் 2020 பிப்ரவரியிலிருந்து அப்படித்தான், முதல் ஐந்து ஆண்டுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 5.83 சதவீதம், பிறகு 8.33 சதவீதம் முதலாளி கட்டுகிறார். அமீரகம் முழுவதற்குமான விருப்பத் திட்டம் ஒன்று 2023-ல் வந்தது. வங்கிக்காரர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் செய்ய முடிந்ததை வாத்தியார்களுக்கும் செய்யலாம். பள்ளி மூடினாலும் பணம் எங்களுடையதாக இருக்கும்.

புதுப்பிப்புக் கடிதங்கள் அனுப்பும் பருவம் வரும்போது அந்த ஒரு பக்கத்தைத் தயார் செய்து பாருங்கள். ஏற்கெனவே பத்து ஆண்டு தாண்டியவர்களிடமிருந்து தொடங்குங்கள், அவர்களுக்குத்தான் நேரம் குறைவு. வாசகம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். நீங்களே வரைவு போட்டு அனுப்பினாலும் திருத்திக் கொடுப்பேன், சிவப்புப் பேனா இன்னும் வீட்டில் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களிடம் வேலை பார்த்த ஓர் ஆங்கில ஆசிரியர்